ஐந்து வருடக் காத்திருப்பு, மூன்று தோல்வி, ஒரு கோப்பை! கிராமத்துப் பல்கலைக்கழகத்தின் 2024-25 சீசன்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோர்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டால், மிச்சம் இருப்பது மரங்களும் மேய்ச்சல் நிலமும்தான். 1881-ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. இன்றும் வளாகத்தில் மாட்டுத் தொழுவம் உண்டு. வளாகத்திலேயே செய்து விற்கும் ஐஸ்க்ரீம் அந்த வட்டாரத்தில் ரொம்பவே பிரபலம்.

இந்த ஊர்தான் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தலைநகரம். கனெக்டிகட் பல்கலைக்கழகம், சுருக்கமாக 'யூகான்'. 2025 வரையிலான கணக்குப்படி பெண்கள் அணி 12 முறை, ஆண்கள் அணி 6 முறை தேசிய சாம்பியன். 2004-லும் 2014-லும் இரண்டு கோப்பைகளுமே ஒரே ஆண்டில் இங்கே வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரிகளில் வேறு எதுவும் ஒருமுறைகூட இதைச் செய்ததில்லை.

கல்லூரி விளையாட்டு என்றதும் நம் ஊர் இன்டர் காலேஜ் மேட்சை நினைத்துக்கொள்ள வேண்டாம். நண்பர்கள் பத்துப் பேர் கைதட்ட, பிசிக்கல் டைரக்டர் விசில் ஊதும் சமாசாரம் இல்லை இது. யூகான் வளாகத்தில் இருக்கும் கேம்பல் அரங்கில் மட்டும் சுமார் 10,000 பேர் உட்காரலாம். அது போதாமல், மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் இன்னும் பெரிய அரங்கிலும் பாதி ஆட்டங்கள் நடக்கும். கனெக்டிகட்டுக்கு என்.பி.ஏ அணி கிடையாது. ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி இருந்தது. அதுவும் 1997-ல் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. அதனால், பாட்டி முதல் பேத்தி வரை மொத்த மாநிலமும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது இந்தக் கல்லூரிப் பிள்ளைகளைத்தான்.

2024 நவம்பரில் சீசன் தொடங்கியபோது இரண்டு அணிகள் மீதும் பெரிய எதிர்பார்ப்பு. ஆண்கள் அணி 2023, 2024 என இரண்டு கோப்பைகளை அடுத்தடுத்து வென்றிருந்தது. மூன்றாவதும் வென்றால், லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ அணி 1973-ல் முடித்துவைத்த சாதனை வரிசைக்குப் பிறகு முதல் ஹாட்ரிக். பெண்கள் அணியின் கதை நேர் எதிர். 11 கோப்பைகள் வைத்திருந்த அணி, 2016-க்குப் பிறகு ஒன்றுகூட வெல்லவில்லை.

"என்னது, எட்டு வருஷமாக ஒரு கோப்பைகூட இல்லையா?" என்று மற்ற கல்லூரிகள் கேட்டால் சிரிப்பு வரும். வாழ்நாளில் ஒருமுறைகூட வெல்லாத அணிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால், யூகான் வேறு மாதிரி வளர்ந்த வீடு. 2014 நவம்பரில் ஓர் ஆட்டத்தில் தோற்ற அணி, அடுத்துத் தோற்றது 2017 மார்ச் 31-ல். இடையில் 111 தொடர் வெற்றிகள்! அந்த வீட்டில் எட்டு வருடம் என்பது பெரிய பஞ்சம்.

அந்தப் பஞ்ச காலத்தின் நடுவில் வந்து சேர்ந்தவர்தான் பெய்ஜ் பெக்கர்ஸ்.

முழங்கால் எழுதிய தலையெழுத்து

மினசோட்டா மாநிலத்தின் ஹாப்கின்ஸ் நகரத்துப் பெண். பள்ளியில் படிக்கும்போதே நாடு முழுக்கப் பேசப்பட்டவர். 2020-21-ல் முதலாம் ஆண்டு மாணவியாக யூகானில் காலெடுத்துவைத்தவர், அந்த ஆண்டே நாட்டின் சிறந்த வீராங்கனை விருதுகளை அள்ளினார். முதலாம் ஆண்டிலேயே அதைச் செய்த முதல் வீராங்கனை அவர். கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. அரையிறுதியில் அரிசோனாவிடம் 69-59 எனத் தோல்வி.

சரி, இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2021 டிசம்பரில் நோட்டர் டேம் அணியுடனான ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகள். பெக்கர்ஸ் கீழே விழுந்தார். இடது முழங்காலில் எலும்பு விரிசல். இரண்டரை மாதங்களுக்கு மேல் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவர் அணியை ஃபைனல் வரை இழுத்துச்சென்றார். அந்த ஃபைனல் நடந்தது மினியாபொலிஸில்; அவர் சொந்த ஊருக்குப் பக்கத்தில்! கதையாக எழுதினால் அங்கே கோப்பையை வென்றிருப்பார். நிஜத்தில் சவுத் கரோலினா 64-49 என்று ஊதித்தள்ளியது. அதுவரை ஆடிய 11 ஃபைனல்களிலும் தோற்றதே இல்லாத யூகானுக்கு அது முதல் ஃபைனல் தோல்வி.

அதே வருடம் ஆகஸ்ட்டில் அதே இடது முழங்கால். இந்த முறை ஏ.சி.எல் தசைநார் கிழிந்தது. கூடைப்பந்து ஆடுபவர்கள் பெயரைச் சொல்லவே பயப்படும் காயம் இது. ஓடும்போது சட்டென்று நிற்பதற்கும், திசை மாற்றித் திரும்புவதற்கும் முழங்காலைப் பிடித்துவைத்திருக்கும் கயிறு போன்றது அந்தத் தசைநார். கிழிந்தால் அறுவை சிகிச்சை, அப்புறம் நடக்கப் பழகி, ஓடப் பழகி, குதிக்கப் பழகி... கிட்டத்தட்ட ஒரு வருடம். 2022-23 சீசன் முழுக்க பெக்கர்ஸ் பெஞ்சில்.

அவர் மட்டும் இல்லை. அந்த அணியில் காயம் தொற்றுநோய் மாதிரி பரவியது. 2023 ஜனவரியில் ஆடும் நிலையில் ஏழு பேர்கூட இல்லாமல் ஓர் ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். பெக்கர்ஸின் நெருங்கிய தோழியும் அற்புதமான ஷூட்டருமான அஸி ஃபட், பள்ளியில் ஒருமுறை ஏ.சி.எல் கிழிந்து மீண்டு வந்தவர். 2023 நவம்பரில், இரண்டே ஆட்டங்கள் ஆடிய நிலையில், இரண்டாவது முறையாக அதே காயம். எகிப்திலிருந்து வந்த ஜனா எல் அல்ஃபிக்குக் குதிகால் நரம்பு. இப்படி ஒவ்வொருவராக உதிர, எஞ்சியவர்களை வைத்துக்கொண்டு 2024-ல் பெக்கர்ஸ் அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனதே ஆச்சர்யம்தான்.

எதிரில் கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா. ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்த யூகானின் கையில் பந்து. முடிய நான்கு விநாடிகூட இல்லை. அப்போது நடுவர் விசில் ஊதினார். சக வீராங்கனைக்கு வழி செய்துகொடுக்கத் தடுப்பாக நின்ற ஆலியா எட்வர்ட்ஸ் நகர்ந்துவிட்டார் என்று ஃபவுல்! பந்து அயோவாவுக்குப் போனது. 71-69. விதிப்படி ஃபவுலா என்றால், ஃபவுல்தான். அந்தக் கடைசி நொடிகளில் அதைக் கொடுத்திருக்க வேண்டுமா என்பதை அமெரிக்காவில் இன்றும் டீக்கடைச் சண்டை மாதிரி பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெக்கர்ஸுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீசன்.

71 வயது கோச்

இந்த இடத்தில் ஜீனோ ஒரியெம்மா பற்றிச் சொல்லியாக வேண்டும். இத்தாலியின் மாண்டெல்லா என்ற சிற்றூரில் 1954-ல் பிறந்து, ஏழு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். 1985-ல் யூகான் பெண்கள் அணிக்கு கோச்சாகச் சேர்ந்தபோது, அந்த அணி அதுவரை தோல்விகளைவிட அதிகமாக வெற்றி பெற்றது ஒரே ஒரு சீசனில்தான். அவருடைய முதல் சீசனும் 12 வெற்றி, 15 தோல்வி. அவர் கோச்சாக இருந்த காலத்தில் தோல்விகள் அதிகமான சீசன் அது ஒன்றுதான். பத்து வருடம் கழித்து, 1995-ல், ரெபேக்கா லோபோவின் அணி 35-0 என்று ஒரு தோல்விகூட இல்லாமல் முதல் கோப்பையை வென்றது.

முதல் நாளிலிருந்து இன்றுவரை துணை கோச் கிறிஸ் டெய்லி கூடவே இருக்கிறார். மேடையில் ஜீனோ முகம் தெரியும்; பெண்கள் வகுப்புக்கு நேரத்துக்குப் போகிறார்களா, சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் டெய்லி டிபார்ட்மென்ட். ஜீனோவின் நாக்கு கொஞ்சம் நீளம். பயிற்சியில் நட்சத்திர வீராங்கனை என்றெல்லாம் பார்க்க மாட்டார். பயிற்சியில் எதிரணியாக ஆடுவது பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆண் மாணவர்கள். உயரமும் வேகமும் அதிகமுள்ள பையன்களைச் சமாளித்துப் பழகினால், நிஜ ஆட்டம் எளிதாக இருக்கும் என்ற கணக்கு. இதில் அந்தப் பையன்களுக்கு டிவி வெளிச்சமும் கிடையாது, கோப்பையில் பெயரும் கிடையாது. தினமும் வந்து ஆடிவிட்டு ஹாஸ்டலுக்குப் போகிறார்கள்.

2024 நவம்பர் 20 அன்று ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தை வென்றது ஜீனோவின் 1,217-வது வெற்றி. ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வியர் வைத்திருந்த 1,216-ஐத் தாண்டி, கல்லூரிக் கூடைப்பந்திலேயே, ஆண் பெண் இரண்டு பிரிவிலும் சேர்த்து, அதிக வெற்றி பெற்ற கோச் ஆனார். அறுபதுக்கும் மேற்பட்ட முன்னாள் மாணவிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அதே நாளில் இன்னொரு நல்ல செய்தி: ஒரு வருடம் கழித்து அஸி ஃபட் களத்தில் இறங்கினார்.

அணியில் புதுமுகங்களும் இருந்தார்கள். பிரின்ஸ்டனில் பட்டம் முடித்துவிட்டு ஒரே ஒரு வருடம் ஆட வந்த கெய்ட்லின் சென். முதலாம் ஆண்டு மாணவி சாரா ஸ்ட்ராங். ஸ்ட்ராங்கின் அம்மா ஆலிசன் ஃபீஸ்டரும் சாதாரண ஆள் இல்லை. 1998-ல் தரவரிசையில் கடைசியில் இருந்த ஹார்வர்டு, முதலிடத்து ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த மண்ணிலேயே தோற்கடித்து நாட்டையே வாய்பிளக்க வைத்ததே... அந்த ஹார்வர்டின் நாயகி அவர்தான்.

மூன்று தோல்விகள்

டிசம்பர் 12, நோட்டர் டேமிடம் 79-68 எனத் தோல்வி. டிசம்பர் 21, யு.எஸ்.சி-யிடம் ஹார்ட்ஃபோர்டு ரசிகர்கள் முன்னாலேயே 72-70. ஜனவரியில் பெக்கர்ஸுக்கு மீண்டும் முழங்காலில் அடி. அரங்கமே மூச்சைப் பிடித்தது. நல்லவேளை, சில ஆட்டங்களோடு போயிற்று. பிப்ரவரி 6, பழைய பகையாளியான டெனசியிடம் 80-76. டெனசியின் கோச் கிம் கால்டுவெல் குழந்தை பெற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. யூகானைத் தோற்கடித்த அணியின் பெஞ்சில் அவர் நின்றுகொண்டிருந்தார். 2007-க்குப் பிறகு டெனசிக்கு யூகான் மீது கிடைத்த முதல் வெற்றி அது.

தாங்கள் ஆடும் பிக் ஈஸ்ட் லீகில் யூகான் 18-0. ஆனால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. "சின்ன டீம்களை அடிக்கிறார்கள், பெரிய டீம் வந்தால் உதறுகிறார்கள்" என்பதுதான் பேச்சு. பேச்சில் நியாயமும் இருந்தது.

பத்தே நாள். பிப்ரவரி 16. நடப்பு சாம்பியன் சவுத் கரோலினா, தன் சொந்த அரங்கில் 71 ஆட்டங்களாகத் தோற்றதே இல்லை. அங்கே போய் 87-58 என்று அடித்துவிட்டு வந்தது யூகான். அஸி ஃபட் மட்டும் 28 பாயின்ட்கள். சீசன் திரும்பிய இடம் எது என்று கேட்டால், தயங்காமல் இந்த இரவைக் காட்டலாம்.

ஆண்கள் அணியோ நவம்பரிலேயே ஆட்டம் கண்டிருந்தது. ஹவாய்த் தீவில் நடந்த போட்டித்தொடரில் மூன்று நாளில் மூன்று தோல்விகள். 2024 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கூப்பிட்டும் போகாமல் ஸ்டோர்ஸிலேயே தங்கிய கோச் டான் ஹர்லி, பக்கவாட்டுக் கோட்டில் நின்று கத்திய கத்தல்கள்தான் அந்த சீசன் முழுக்க வைரல்.

ஒரு தோல்வி, மூட்டை கட்டு

மார்ச் மாதம் தொடங்கும் தேசியத் தொடரில் 68 அணிகள். தோற்றால் வெளியே. இரண்டாம் வாய்ப்பே கிடையாது. கோப்பைக்கு ஆறு வெற்றிகள் வேண்டும். நான்கு, ஐந்து வருடம் ஓர் அணியில் வளர்ந்த மாணவிக்கு, ஒரு மோசமான மாலைப் பொழுதில் கல்லூரி வாழ்க்கையே முடிந்துவிடும்.

மார்ச் 23 அன்று ஆண்கள் அணிக்கு அந்த மாலை வந்தது. ஃபுளோரிடாவிடம் 77-75. கடைசி நிமிடங்கள் வரை முன்னிலையில் இருந்து நழுவவிட்ட ஆட்டம். ஹாட்ரிக் கனவு முடிந்தது. அந்த ஃபுளோரிடாதான் பின்னர் கோப்பையையும் வென்றது என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.

மறுநாள் மாலை ஸ்டோர்ஸில் கேம்பல் அரங்கம் நிரம்பியிருந்தது. பெண்கள் அணியின் இரண்டாம் சுற்று. பெக்கர்ஸுக்கு அந்த அரங்கில் கடைசி ஆட்டம். 34 பாயின்ட்கள் எடுத்து விடைபெற்றார். அதற்கடுத்த சுற்றில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 40. கல்லூரி வாழ்க்கையில் அவர் எடுத்த அதிகபட்சம் அதுதான். அடுத்து யு.எஸ்.சி. டிசம்பரில் தோற்கடித்த அதே அணிதான், ஆனால் அதன் நட்சத்திரம் ஜுஜு வாட்கின்ஸ் களத்தில் இல்லை. அவருக்கும் ஏ.சி.எல் கிழிந்திருந்தது, அதே மார்ச் 24-ல்! பெண்கள் கூடைப்பந்து இந்தக் காயத்துக்குக் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. யூகான் 78-64 என வென்றது. பெக்கர்ஸ் 31.

அரையிறுதியில் எதிரே யு.சி.எல்.ஏ. தொடரின் முதல்நிலை அணி. நடுவில் ஆறடி ஏழு அங்குல லாரன் பெட்ஸ். ஆட்டம் கடுமையாக இருக்கும் என்று டிவி முன் உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம். 85-51. அரையிறுதி வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்ததில்லை.

2025 ஏப்ரல் 6, டாம்பா நகரம். ஃபைனலில் மீண்டும் சவுத் கரோலினா. மூன்று வருடம் முன்பு மினியாபொலிஸில் அழவைத்த அதே அணி. பெக்கர்ஸ் 17 பாயின்ட்கள்தான் எடுத்தார். ஆச்சர்யமாக, அன்று அவர் நாயகியாக இருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு முறை ஏ.சி.எல் கிழிந்த அஸி ஃபட் 24. முதலாம் ஆண்டுப் பெண் சாரா ஸ்ட்ராங் 24 பாயின்ட்கள், 15 ரீபவுண்டுகள். 82-59. இறுதி நான்கு அணிகள் சுற்றின் சிறந்த வீராங்கனை விருது ஃபட்டுக்கு.

கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் ஜீனோ பெக்கர்ஸை வெளியே அழைத்தார். வந்தவர் கோச்சின் தோளில் முகம் புதைத்து அழுதார். எதையும் கிண்டலடித்தே கடக்கும் ஜீனோவின் கண்களும் கலங்கியிருந்தன. 71 வயதில் கோப்பை வென்ற அவர்தான், முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் சாம்பியனான மிக வயதான கோச். டெனசியிடம் தோற்ற பிறகு 16 தொடர் வெற்றிகள். சீசன் கணக்கு 37-3.

டம்பெல் அலமாரியும் சம்பளச் சீட்டும்

பெக்கர்ஸ் படித்த ஐந்து வருடங்களில் பெண்கள் விளையாட்டும் இடம் மாறியது. அவர் முதலாம் ஆண்டில் ஆடிய 2021 தேசியத் தொடர் நினைவிருக்கிறதா? ஆண்கள் அணிகளுக்குப் பெரிய உடற்பயிற்சிக்கூடம். பெண்களுக்கு ஒரே ஒரு சின்ன டம்பெல் அலமாரி. ஓரெகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் போட்ட அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவி, நிர்வாகிகள் மன்னிப்பு கேட்க நேர்ந்தது. 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரையே அதுவரை பெண்கள் தொடருக்குக் கொடுக்கவில்லை; 2022-ல்தான் கொடுத்தார்கள். 2024 பெண்கள் ஃபைனலை அமெரிக்காவில் சராசரியாகப் பார்த்தவர்கள் சுமார் 1.89 கோடிப் பேர். அதே ஆண்டு ஆண்கள் ஃபைனலுக்கு சுமார் 1.48 கோடி!

பணமும் வந்தது. 2021 ஜூலை வரை கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக் கூடாது. அரங்கம் நிரம்பும், டிவிக்கு வருமானம் கொட்டும், ஆடும் பிள்ளைக்கு உதவித்தொகை மட்டும். விதி மாறியதும் கேட்டரேட், நைக் என்று பெக்கர்ஸ் வீட்டு வாசலில் வரிசை நின்றது.

பாரபட்சம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2025 ஏப்ரல் 14 அன்று நடந்த டபிள்யூ.என்.பி.ஏ டிராஃப்டில் டல்லாஸ் விங்ஸ் அணி பெக்கர்ஸை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. நாட்டிலேயே முதலிடம். அதற்கான முதல் வருட அடிப்படைச் சம்பளம் 78,831 டாலர். மாணவியாக இருந்தபோது விளம்பரங்களில் அவர் சம்பாதித்ததற்குப் பக்கத்தில்கூட வராது இது.

டிராஃப்டுக்கு முந்தின நாள் ஹார்ட்ஃபோர்டு வீதிகளில் வெற்றி ஊர்வலம். நீலமும் வெள்ளையுமாக ஜனத்திரள். பஸ் மேல் நின்று கையசைத்துக்கொண்டிருந்த பெண்களில், பெக்கர்ஸும் கெய்ட்லின் சென்னும் கல்லூரியை விட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். பக்கத்தில் நின்ற அஸி ஃபட் கிளம்பவில்லை. காயங்கள் தின்றுவிட்ட வருடங்களுக்கு ஈடாக அவருக்கு இன்னும் ஒரு வருடம் ஆடத் தகுதி மிச்சம் இருந்தது; அந்த வருடத்தையும் யூகானிலேயே ஆடப்போவதாக, தொடர் முடிவதற்கு முன்பே அறிவித்துவிட்டார். சாரா ஸ்ட்ராங்குக்கு இன்னும் மூன்று வருடப் படிப்பு பாக்கி இருந்தது.